எங்க காட்டுல வெட்டின மரம்

எனக்குப் பயம் வந்தால் கைகால் நடுங்காது, வாய் ஓடும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போன லாரி மாதிரி, எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ஓடும். தர்மபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவே அரசுப் பேருந்தில் இருபது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருக்கிறேன். என் நக்கலைக் கேட்டுச் சிரித்த பயணிகள் எல்லாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்திருக்கிறார்கள். என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். நான் அதிகமாகச் சிரிப்பு காட்டுகிற நாளில் அவள் சிரிக்க மாட்டாள், "என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பாள்.

நீதிமன்றத்தில் எனக்கு மூன்று மாதம் சிறைத்தண்டனை என்று வாசித்தபோது, கூண்டில் நின்றுகொண்டு, "ஞாயித்துக்கிழமையும் சேத்துங்களா ஐயா?" என்று கேட்ட ஆள் நான்தான். கேட்ட பிறகுதான் கேட்டது நான் என்று எனக்கே தெரிந்தது. நடுவர் நிமிர்ந்து பார்த்தார். என் வக்கீல் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். பின்பெஞ்சில் இருந்த என் மனைவி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடினாள். அவள் அழுதாளா, என்னைக் கட்டிக்கொண்டதற்காகத் தலையில் அடித்துக்கொண்டாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

நான் செய்த குற்றம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

எங்கள் காடு பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. மூன்று ஏக்கர், கிணறு இருந்தும் மழையை நம்பியது. துவரையும் அவரையும் போடுவோம். கிழக்கு வரப்பில் இரண்டு ஆச்சா மரங்கள் நின்றன. ஆச்சா என்றால் இரும்பு. கோடாலியை ஓங்கிப் போட்டால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, போட்டவன் தோள்பட்டை கழன்றுவிடும். ஒரு மரம் உச்சியில் காய்ந்துபோயிருந்தது. இன்னொன்று மோட்டார் ரூம் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. மூன்று வருடமாக என் மனைவி அந்த மரத்தைக் காட்டி என்னைத் திட்டினாள். காற்றடித்து அது மோட்டார் ரூம் மேல் விழுந்த பிறகுதான் வெட்டுவாயா என்று கேட்டாள். அதே நேரத்தில் ஊருக்குள் நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தோம். வாசல் நிலைக்குக் கட்டை வேண்டும். ஆள் வைத்து இரண்டையும் வெட்டினேன்.

வெட்டிய மரத்தை அறுவை மில்லுக்கு எடுத்துப்போக வனத்துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். அது எனக்குத் தெரியும். வாங்கவில்லை. சொந்தக் காட்டு மரத்தைச் சொந்த வீட்டுக்கு எடுத்துப்போக எவனிடம் போய் நிற்பது என்கிற திமிர்தான். அந்தத் தப்பு என்னுடையது. அதற்கு அபராதம் போட்டிருந்தால் கட்டிவிட்டு, டெப்போவில் நாலு பேரிடம் அதையும் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

கட்டைகளை ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து வந்தேன். ரோட்டோரம் ஒரு வனக்காவலர் கையை நீட்டி நிறுத்தினார். நிறுத்தச் சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் பயத்தில் என் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. பேருந்தில் ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போ. நான் கதவை வெளிப்பக்கமாக இரண்டு தட்டு தட்டினேன். டிரைவர் பையன் எங்கள் பேருந்திலேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன். கேள்வி கேட்காமல் கியரைப் போட்டு வண்டியை நகர்த்திவிட்டான். பத்தடி தள்ளித்தான் நிறுத்தினோம்.

பிறகு தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்ட என்னை எதிரி என்று குறிப்பிட்டு, இப்படி இருந்தது: "வனப்பணியாளர் நிறுத்தச் சொல்லியும் எதிரி வாகனத்தின் கதவைத் தட்டி, தப்பிச் செல்லுமாறு ஓட்டுநருக்குச் சைகை செய்துள்ளார். இது அவரது குற்ற மனதைக் காட்டுகிறது." என் குற்ற மனது ஒரு நாளைக்கு எட்டு டிரிப் இப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. அதை யாரிடம் சொல்ல?

வனச்சரக அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ரேஞ்சர் தெற்கத்திக்காரர். எங்கள் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னை நிறுத்திய காவலர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் எங்கள் மாவட்டத்துக்காரர், பாலக்கோடு பக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கோபத்தில் பாதி அந்தச் சுவரோரம்தான் நிற்கிறது.

ரேஞ்சர் கேட்டார்: "மரத்தை எங்க வச்சு வெட்டினீங்க?"

"எங்க காட்டுலதானுங்க."

"காட்டுலயா?"

"ஆமாங்க. காட்டுல வெட்டாம கலெக்டர் ஆபீஸ்லயா வெட்டுவாங்க?"

வாய் ஓடிவிட்டது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. இவ்வளவு பச்சையாக ஒருத்தன் ஒப்புக்கொள்கிறானே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதியதை என்னிடமே கொடுத்து நன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நானும் படித்தேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். "நான் காட்டில் இருந்த இரண்டு ஆச்சா மரங்களை ஆள் வைத்து வெட்டி, உரிய அனுமதியின்றி வாகனத்தில் ஏற்றிச் சென்றேன்." ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எங்கள் காட்டில்தான் வெட்டினேன், அனுமதி வாங்கவில்லை. இவ்வளவு நேர்மையாக எழுதுகிறார்களே, அரசாங்கத்தை நாம் வீணாகத் திட்டுகிறோம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அபராத நோட்டீஸ் வரும் என்று காத்திருந்தேன். சம்மன் வந்தது. அரசாங்கத்தின் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, மரங்களை வெட்டிக் கடத்தியதாக வழக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. காப்புக்காடு எங்கே, எங்கள் காடு எங்கே? நடுவில் ஒரு ஏரி, ஒரு தார் ரோடு, பத்துப் பேர் நிலம். கணக்குக்கு ஒரு கேஸ் வேண்டும் என்பதற்காக மனசாட்சி இல்லாமல் பொய் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். நான் முதலில் பிடித்த வக்கீலும் அப்படியே முடிவு கட்டினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர். என் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, "காட்டுலதானப்பா வெட்டின? உண்மையத்தான் எழுதியிருக்கான். இதுல ஒண்ணும் ஆபத்து இல்ல" என்று அந்தத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஆபத்து முழுக்க அந்தத் தாளில்தான் இருந்தது. அதை அவர் தள்ளி வைத்தார், நான் தலையாட்டினேன். இரண்டு முட்டாள்களும் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

விசாரணையில் அவர் சாட்சிகளைக் கேட்ட கேள்விகள் இவைதான்: அன்றைக்கு வெயிலா, மேகமா? வண்டி என்ன நிறம்? கட்டைகள் எத்தனை? காவலர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பட்டாவைக் காட்டினோம். நடுவர் தீர்ப்பில் எழுதினார்: பட்டா, எதிரிக்கு நிலம் இருப்பதைத்தான் காட்டுகிறது, மரம் எங்கே வெட்டப்பட்டது என்பதைக் காட்டவில்லை. மரத்தைக் காட்டில் வெட்டியதாக எதிரியே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். இத்தனை பேரில் ஒருத்தராவது ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வரப்பில் நின்று பார்த்தார்களா? இரண்டு அடிக்கட்டைகள், ஆட்டுக்கல் அகலத்தில், ஈரம் காயாமல் அங்கே இருந்தன. ரேஞ்சர் வரவில்லை. வழக்குத் தாக்கல் செய்தவர் வரவில்லை. என் வக்கீல் வரவில்லை. அந்த நாற்காலிகளுக்கும் என் வரப்புக்கும் நடுவில் அரை மணி நேர ரோடு. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்து, என் இரண்டு வருடத்தைத் தின்றார்கள்.

மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கொடுத்து, அதுவரை தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். மூன்று மாதம் ஜெயில் கூடப் பரவாயில்லை என்று சொன்னால் அது பொய், அதற்கும் பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேலை. தண்டனை உறுதியானால் அரசு வேலை போய்விடும். ஐம்பதைத் தொடப்போகிறவனுக்கு, டிக்கெட் கிழிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனுக்கு, வெளியே என்ன வேலை இருக்கிறது?

ஆகவே மிகவும் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். டெப்போவில் தீர்ப்பைச் சொல்லாமல் மறைத்தேன். தீர்ப்பு நாளுக்கு வயிற்றுப்போக்கு என்று லீவ் எழுதியிருந்தேன். மறுநாள் டூட்டிக்குப் போனதும் வயிற்றுப்போக்கைப் பற்றியே பத்துப் பேரிடம் ஜோக் அடித்தேன். யாரும் கேட்காத விவரமெல்லாம் சொன்னேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டபோது மாட்டிக்கொண்டேன் என்று உளற ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார், லீவ் லெட்டரில் தேதி போட மறந்திருந்தாய், அதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று. நல்ல மனுஷன். அப்பீல் முடியும் வரை டூட்டி பார், அப்பீல் தோற்றால் என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

மேல்முறையீட்டுக்கு வேறு வக்கீல் பிடித்தேன். தர்மபுரியில் ஒரு அம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர், பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் குடும்பத்தில் பிறந்தவர், சிரிக்கவே மாட்டார். என் முதல் ஜோக்கைக் கேட்டுவிட்டு, "அண்ணா, கோர்ட்ல வாயத் தெறந்தீங்கன்னா நான் கட்ட எடுத்து வெச்சுட்டுப் போயிடுவேன்" என்றார். கட்டு என்றால் வழக்குக் கட்டு. அமர்வு நீதிமன்றத்தில் மனு போட்டு, அப்பீல் முடியும் வரை தண்டனையை நிறுத்தி வைக்க உத்தரவு வாங்கினார். வனத்துறை பொய் சொல்கிறது என்றுதான் அவரும் வாதத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். வாக்குமூலத்தை அவரும் பல தடவை வாசித்திருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், காலை டிரிப். வங்கிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பேச்சைக் கேட்டாலே தெரியும், திருநெல்வேலிப் பக்கம். பக்கத்தில் கையில் கதிர் அரிவாளும் சாப்பாட்டுத் தூக்கும் வைத்துக்கொண்டு எங்கள் பகுதிப் பெண் ஒருத்தி. வங்கி அம்மா பேச்சுக் கொடுத்தார், எங்கே போகிறீர்கள் என்று.

"காட்டுக்குப் போறனுங்க."

"தனியாவா?"

"தினமும் தனியாத்தானுங்க போறது."

வங்கி அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யானை கீனை வராதா? வீட்டுல ஆம்பளையாளு யாரும் கூட வர மாட்டாவளா?"

பேருந்தே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாக நான் சிரித்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "யானை வராதுங்க மேடம், இவங்க வூட்டுக்காரரு வந்தா அதைவிடச் சத்தமா இருக்கும்" என்றேன். அந்தப் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொறுமையாக விளக்கினாள், காடு என்றால் கொல்லைங்க, வெள்ளாமை நிலம், கடலை போட்டிருக்கு என்று. ஓ, உங்க ஊர்ல நிலத்தைத்தான் காடும்பீங்களா, எங்க ஆத்தங்கரை ஊர்ல வயலும்போம், காடுன்னா காடுதான் என்றார் வங்கி அம்மா.

சிரித்துக்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். ரேஞ்சரின் அழகான கையெழுத்து கண்முன் வந்தது. காட்டில் இருந்த இரண்டு ஆச்சா மரங்களை. அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள், எனக்குக் காது கேட்கவில்லை. விசில் என் வாயிலேயே இருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. ரேஞ்சர் தனக்குத் தெரிந்த காட்டை எழுதினார், நான் எனக்குத் தெரிந்த காட்டைப் படித்தேன், நடுவர் எழுதியிருந்ததை நம்பினார். இரண்டு வருடமாக நான் திட்டிக்கொண்டிருந்த ஆள் யாரும் அங்கே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. திட்டுவதற்கு ஒரு திருடனாவது கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானமே வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். நான் சொல்லி முடித்ததும் அவர் வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் வீட்டிலும் நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். "எத்தன தரம் படிச்சிருப்பேன்" என்றார். பிறகு என் நிலத்தின் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் முத்திரையோடு அதில் எழுதியிருந்தது: "கிழமேலாக உள்ள மேட்டுக்காடு ஏக்கர் மூன்றும், அதிலுள்ள மரம் மட்டைகளும்." அரசாங்கமே முத்திரை குத்திக் காடு என்று சொல்லியிருக்கிறது.

அப்போதுதான் சுவரோரம் நின்ற ஆள் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்.

ரேஞ்சர் தெற்கத்திக்காரர், அவருக்குத் தெரியாது. காவலர் பாலக்கோட்டுக்காரர். நான் "எங்க காட்டுல" என்றபோது, ரேஞ்சர் "காட்டுலயா" என்று திருப்பிக் கேட்டபோது, அவர் மூன்றடி தூரத்தில் நின்றார். சாட்சியைப் போய்ப் பார்க்கக் கூடாது, அது உங்களுக்கே வினையாகும் என்று வக்கீல் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் வார ஓய்வில் பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. காலரைப் பிடிப்பது என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்து, என் முழங்கால் வலியை நினைத்து அதைக் கைவிட்டேன்.

காவலர் வீட்டு வாசலில் அவர் மனைவி தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"காட்டுல இருக்காருங்க. லீவு போட்டுட்டாரு, இன்னைக்குத் தக்காளி எடுப்பு."

எனக்குக் காதில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு வனக்காவலரின் மனைவி, லீவு நாளில், புருஷன் காட்டில் இருக்கிறார் என்கிறார். நான் சிரித்தேனா, பல்லைக் கடித்தேனா என்று தெரியவில்லை, அந்த அம்மா இரண்டடி பின்னால் போனார்.

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தக்காளிச் செடிக்கு நடுவில் குனிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் கழுத்தை நெரிப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிக்க வேண்டும், என்ன செய்ய.

"இது என்னங்க?" என்று அவர் நின்ற இடத்தைக் காட்டிக் கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. கையில் இருந்த தக்காளியைத் துடைத்தார்.

"சொல்லுங்க. நீங்க இப்ப எங்க நின்னுட்டிருக்கீங்க?"

"காட்டுலதானுங்க."

"அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா, இல்லீங்களா?"

"புரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏனுங்க பேசல?"

"என்னைய யாரும் கேக்கலீங்களே." அவர் குரலில் திமிர் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "அவரு புதுசா வந்த ஆபீசரு. எழுதறப்ப நடுவுல புகுந்து, ஐயா உங்களுக்குத் தமிழ் தெரியலைன்னு நான் சொல்ல முடியுங்களா? நீங்களே படிச்சுப் பாத்து, நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்க. சரி, அண்ணனுக்கு ஏதோ கணக்கு இருக்குன்னு நெனச்சேன்."

கோர்ட்டில் கூண்டேறி நின்றபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். உங்க வக்கீல் வண்டி என்ன கலருன்னுதானுங்க கேட்டாரு என்றார். என் வக்கீலை நான் திட்ட வேண்டுமா, இவரைத் திட்ட வேண்டுமா என்று குழம்பிப்போனேன். இப்போதாவது வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் தலை குனிந்தபடியே, தன் வேலைக்கும் ஆபத்து என்று மட்டும் சொன்னார். திரும்பி நடந்தேன். அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்து ஒரு பை தக்காளியைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். கோபத்தில்கூட வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிறவி.

அப்பீல் விசாரணைக்கு வந்தது. நீதிபதி வடக்கே வேலூர்ப் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். வக்கீல் அம்மா பத்திரத்தைக் கொடுத்து, எங்கள் பகுதியில் காடு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று எடுத்துச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, வார்த்தை விளையாட்டு, தண்டனையிலிருந்து தப்பிக்க இப்போது கண்டுபிடித்த கதை என்றார். இத்தனைக்கும் அந்த மனிதரும் இந்த மாவட்டம்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் வழக்குக் கட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவேன் என்ற வக்கீல் அம்மாவின் மிரட்டல் ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீதிபதி என்னையே கேட்டார். "நீங்க படிச்சுப் பார்த்துதானே கையெழுத்துப் போட்டீங்க? தப்பா எழுதியிருக்குன்னு அப்ப ஏன் சொல்லல?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஜோக் வரவில்லை.

"படிச்சனுங்க ஐயா. தப்பா எழுதலீங்க. சரியாத்தானுங்க எழுதியிருக்கு. இப்பப் படிச்சாலும் சரியாத்தானுங்க இருக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வனத்துறை சார்பில் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். சுவரோரம் நின்றுகொண்டிருந்த காவலர் முன்னால் வந்தார். பக்கத்தில் புது ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார். பழையவர் ஏற்கெனவே மாற்றலாகிப் போயிருந்தார்.

"நீங்க எந்த ஊர்?"

பாலக்கோடு பக்கம் என்றார் காவலர்.

"உங்க ஊர்ல காடுன்னா என்ன?"

காவலர் ரேஞ்சரைப் பார்த்தார். அரசு வக்கீலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டும்தானுங்க ஐயா."

எனக்கு அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது. ரெண்டுமா? தக்காளிக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னது ஒன்றுதானே? ஆனால் நீதிபதி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, லேசாக, மிக லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தீர்ப்பு அடுத்த வாய்தாவில் வந்தது. காடு என்ற சொல்லுக்கு இந்தப் பகுதியில் வனம், விளைநிலம் என்று இரண்டு பொருளும் உண்டு என்று வனத்துறை ஊழியரே ஒப்புக்கொள்கிறார். மரம் வெட்டப்பட்ட இடத்தை யாரும் நேரில் பார்வையிடவில்லை. ஆகவே சந்தேகத்தின் பலனை மேல்முறையீட்டாளருக்கு அளித்து, கீழ்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து விடுதலை.

சந்தேகத்தின் பலன். என்ன சந்தேகம்? யாருக்குச் சந்தேகம்? விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு பண்ண முடியுங்களா என்று வக்கீல் அம்மாவைக் கேட்டேன். நான் ஜோக் அடிக்கவில்லை. அண்ணா, போய்ச் சாப்பிடுங்க என்றார். டெப்போ மேலாளரும் பிறகு அந்த வரியைக் கண்டுபிடித்து, சந்தேகம்னு போட்டிருக்கே என்று புருவத்தைத் தூக்கினார். ஒரு வாரம் என்னைக் காயப்போட்டுவிட்டு, மேலே எழுதிக் கேட்டு, ஒரு விளக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு, வேலை தொடரலாம் என்று உத்தரவு கொடுத்தார். வேலை தப்பியது.

இந்தக் கதையைப் பேருந்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சேர்த்தா என்று கேட்டதைச் சொன்னால் கடைசி சீட்டு வரைக்கும் சிரிப்பார்கள். நான் சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது.

தீர்ப்பு வாசித்து முடிந்ததும் வெளியே வராந்தாவுக்கு வந்தேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். காவலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. ரேஞ்சர் அந்தப் பக்கம் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா அண்ணா, உங்களுக்காகத்தானுங்க ரெண்டும்னு சொன்னேன்."

இரண்டு வருடம் அங்கே, அவர் முகத்தில், என் முன்னால் நின்றது. முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூண்டில் ஒரு வார்த்தை. நான் வீடு தேடிப் போய்க் கேட்டபோது ஒரு வார்த்தை. கடைசியில் பாதி வார்த்தை சொல்லிவிட்டு, அதற்குக் கூலி கேட்டு வந்து நிற்கிறார். பாலக்கோட்டு பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. பயத்தில், பழக்கத்தில், ஏதோ ஒன்றில் சொல்லிவிட்டது. அவர் என் கையைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனார். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.